கட்டாய அழகுக்கு வெறும் வயிற்றில் வந்தவர்கள்

நான் ஏற்பாடு செய்த இலக்கியக் கூட்டம் ஒன்றுக்கு நூற்று நாற்பது பேர் வந்திருக்கிறார்கள். பெரிய எழுத்தாளர்களுக்கே நடக்காத காரியம் இது. அத்தனை பேரும் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் வந்திருந்தார்கள் என்பதையும், அவர்களில் ஒருவர்கூட இலக்கியத்துக்காக வரவில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் ஏமாற்றிவிட்டான் என்பீர்கள். (அந்தப் பெயரை ஒருமுறை வாங்கியாகிவிட்டது. இரண்டாம் முறை வேண்டாம்.)

எங்கள் ஊர் இராஜாக்கமங்கலத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. வீட்டில் பள்ளிக்கூடப் படிப்பை முழுசாக முடித்த முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கொல்லத்தில் கட்டட வேலை. அம்மைக்கு அண்டி ஆபீஸில் பருப்பைத் தரம் பிரிக்கும் வேலை. (முந்திரி ஆலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். அம்மை ஆபீஸில் வேலை பார்க்கிறாள் என்று கல்லூரியில் சொல்லி ஒரு வருடம் நன்றாகவே ஓட்டினேன்.) நான் நாகர்கோவிலில் ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு வேலைக்காகக் காத்திருந்தேன். அந்தப் படிப்பால் ஊரில் எனக்கு இரண்டு பொறுப்புகள் வந்து சேர்ந்திருந்தன. வளைகுடாவிலிருந்து வரும் விசாக் காகிதத்தை வாசித்துச் சொல்வது ஒன்று, மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி பார்ப்பது மற்றொன்று. இவற்றைவிடப் பெரிய காரியம் ஒன்றுக்காகத்தான் நான் பிறந்திருக்கிறேன் என்று அப்போது உறுதியாக நம்பினேன்.

அந்தப் பெரிய காரியம் திருவனந்தபுரத்தில் ஒரு பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. மூன்று பாக ஆங்கில நாவல். இளைஞர்களுக்காக எழுதப்பட்டது. எதிர்காலத்தில் ஒரு நகரம். அங்கே பதினெட்டு வயது ஆனதும் அரசாங்கம் உங்கள் முகத்தை அறுத்து, அழகான வேறு முகம் வைத்துவிடும். வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஒரு பெண் மட்டும் வேண்டாம் என்று ஓடிவிடுகிறாள். மூன்று பாகத்தையும் மூன்றே நாளில் படித்தேன். இணையத்தில் தேடினால், உலகம் முழுக்க வாசகர்கள் அந்தப் பெண்ணுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் ஓடியது சரி என்று ஒரு கூட்டம், அழகாகிவிட்டுப் பிறகு ஓடியிருக்கலாம் என்று ஒரு கூட்டம், எழுதியவரே அவளுக்குத் துரோகம் செய்துவிட்டார் என்று ஒரு கூட்டம். இப்படி ஒரு சண்டை தமிழில் நடக்கவில்லையே என்று எனக்குத் தூக்கம் போயிற்று. முதல் பாகத்தை ஐந்து மாதத்தில் மொழிபெயர்த்தேன்.

கோட்டாறில் ஒரு துணிக்கடை மாடியில் சின்னப் பதிப்பகம் நடத்தும் அண்ணாச்சி ஒருவரிடம் கொண்டு கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டார். வெள்ளைச் சட்டை, தடித்த கண்ணாடி, மடியில் எப்போதும் ஒரு தோல் பை. பேச்சில் அவசரமே கிடையாது.

"தம்பி, வாசிச்சேன். கொள்ளாம், நல்லாருக்கு. ஆனா இத நம்ம பக்கத்துல யாரு படிப்பா?"

"எல்லாரும் படிப்பாங்க அண்ணாச்சி. சாதாரண மக்களுக்கான கதை."

"எல்லாரையும் வேண்டாம். ஒரு முப்பது பேரக் காட்டும். அவ்வோ பேசுதத நான் ஒரு மூலையில இருந்து கேக்கணும். மத்தத பொறவு பாப்போம்."

முப்பது பேர். என் முதல் புத்தகத்துக்கும் எனக்கும் நடுவே நின்றது அவ்வளவுதான்.

ஊருக்குத் திரும்பியதும் முதல் இரண்டு அத்தியாயங்களைப் பத்துப் பிரதி எடுத்துச் சுற்றுக்கு விட்டேன். ஆலய வளாகத்து ஹாலை ஞாயிறு மாலை மூன்று மணிக்குக் கேட்டு வாங்கினேன். பிறகு அமர்ந்து ஒரு நோட்டீஸ் எழுதினேன். இலக்கியக் கூட்டம் என்று போட்டால் எட்டுப் பேர் வருவார்கள், அதில் ஐந்து பேர் ஹாலைப் பூட்டத் திறக்க வருகிறவர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் கவர்ச்சியாகத் தொடங்கினேன். மேலே பெரிய எழுத்தில் இப்படி:

‘பதினெட்டு வயது நிறைந்த அனைவருக்கும் கட்டாய அழகு அறுவை சிகிச்சை. ஞாயிறு மாலை மூன்று மணி. ஆலய ஹால். அனைவரும் வருக.’

கீழே சின்ன எழுத்தில்: ‘என்று ஓர் அரசாங்கம் ஆணையிட்டால் என்ன ஆகும்? மூன்று பாக நாவலின் தமிழாக்கம் குறித்த வாசகர் கலந்துரையாடல்.’

எழுதி முடித்துவிட்டு அதை நானே நாலு முறை வாசித்துப் புளகாங்கிதம் அடைந்து, சபைச் செயலரிடம் கொடுத்துவிட்டேன்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் செயலர் ஞானமுத்து மாமா அறிவிப்புகளை வாசிப்பார். யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் ஜெபக்கூட்டம், ஹாலில் என்ன கேம்ப். கண் கேம்ப், பல் கேம்ப், சர்க்கரை கேம்ப் என்று அந்த ஹாலில் மாதம் ஒன்றாவது நடக்கும். ஜனங்கள் பசியில் நிற்பார்கள் என்பதால் மாமா எந்த நோட்டீஸிலும் மேலே பெரிதாக இருப்பதை மட்டுமே வாசிப்பார். கேம்ப் என்றால், தாளில் இல்லாவிட்டாலும், ஒரு வாக்கியம் சேர்த்துக்கொள்வார். கூட்டத்தன்று காலையும் சேர்த்துக்கொண்டார்.

"ஆதார், ரேஷன் கார்டு நகல் கொண்டு வரணும். ஆப்பரேசன் ஆனதுனால ஆகாரம் எடுக்காம வரணும்."

நான் அன்று ஆலயத்துக்குப் போகவில்லை. அண்ணாச்சியைக் கையோடு கூட்டிவரக் காலையிலேயே கோட்டாறுக்குப் போய்விட்டேன். (ஆராதனைக்குப் போகாமலிருந்தால் தண்டனை உடனே கிடைக்கும் என்று சின்ன வயதில் சொல்லித் தந்திருந்தார்கள். மாலை மூன்று மணிக்குக் கிடைக்கும் என்று சொல்லவில்லை.)

மூன்றேகாலுக்குப் பஸ்ஸிலிருந்து இறங்கினோம். ஹால் வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. ஆட்டோக்கள் நின்றன. ஒரு பெரியவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இரண்டு பேர் படியேறிக்கொண்டிருந்தார்கள். நான் நின்றுவிட்டேன். நாவல் என்றால் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வருகிற ஊரிலா இத்தனை நாள் மாத்திரை அட்டை வாசித்துக்கொண்டிருந்தேன் என்று என்னையே நொந்துகொண்டேன்.

"நான் முப்பதுதான கேட்டேன்" என்றார் அண்ணாச்சி, மெதுவாக.

உள்ளே போனால் எல்லார் கையிலும் தாள்கள். குறிப்பெடுத்து வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். முகங்களில் ஒரு வாட்டம். முதல் இரண்டு அத்தியாயங்களின் துயரம் இறங்கிவிட்டது என்று நினைத்தேன். இரண்டாம் வரிசையில் அம்மை கல்யாணத்துக்குக் கட்டும் சேலையில் இருந்தாள். அண்ணாச்சியை ஓரத்தில் ஒரு நாற்காலியில் அமர்த்தினேன். அவர் தோல் பையிலிருந்து நோட்டும் பேனாவும் எடுத்ததும் கூட்டம் முழுக்க அவரைத் திரும்பிப் பார்த்தது. நல்ல வாசகர்கள் பதிப்பாளரை மதிப்பார்கள் என்று அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

மைக்கைப் பிடித்தேன். "அன்பானவர்களே, பதினெட்டு வயது ஆனவுடன் உங்கள் முகத்தை அறுத்து வேறு முகம் வைப்பார்கள் என்றால்..."

"பதினெட்டு தாண்டினவளுக்குக் கெடையாதா மக்கா?" ரெத்தினபாய் பெரியம்மை கேட்டாள். அம்மையோடு அண்டி ஆபீஸில் வேலை பார்ப்பவள். அம்மை தரம் பிரிப்பாள், பெரியம்மை தோடு, அதாவது முந்திரி ஓடு, உடைப்பாள்.

"நல்ல கேள்வி பெரியம்மை. தாண்டியவர்களையும் விடுவதில்லை. எல்லாருக்கும் உண்டு."

ஹாலில் பெரிய மூச்சு ஒன்று எழுந்தது. அதிர்ச்சியில் வந்த மூச்சு என்று எடுத்துக்கொண்டேன். அது நிம்மதி.

"மயக்க மருந்து குடுப்பாவளா?"

"கொடுப்பார்கள். ஒரு நாள் முழுக்கத் தூக்கம்தான்."

"எத்தன நாளு கெடக்கணும்? எனக்குப் புதன்கெழம வேலைக்குப் போணும்."

"மூன்று நாள். கட்டை அவிழ்க்கும்போது எல்லாரும் ஒரே போல அழகாக இருப்பார்கள்."

பிறகு பெயிண்டர் வில்சன் அண்ணன் எழுந்தார்.

"எல்லாரும் ஒண்ணுபோலன்னா, எனக்க பெண்டாட்டிய நான் எப்பிடிக் கண்டுபிடிக்க?"

அவர் மனைவி பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்திருக்காமலே சொன்னாள். "இப்பம் மட்டும் கண்டுபிடிச்சீராக்கும். போன மாசம் கல்யாண வீட்டுல வேற ஒருத்திக்க பின்னாலல்லா பஸ்ஸு வரைக்கும் போனீரு."

"அதுக்கு அவ ஒனக்க சேலைய மாதிரில்லா உடுத்திருந்தா."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. "அடையாளச் சிக்கல். இதுதான் இந்தப் படைப்பின் மையம்" என்றேன். அண்ணாச்சி நோட்டில் வேகமாக எழுதினார். அவர் முகத்தில் முதன்முறையாக ஒரு வெளிச்சம் தெரிந்தது. அந்த வெளிச்சத்தில் என் புத்தகத்தின் அட்டையே எனக்குத் தெரிந்தது.

"வேண்டாம்னு சொன்னா என்ன செய்வாவ தம்பி?"

"பிடித்துக்கொண்டு போவார்கள். சிலர் தப்பித்துப் பழைய சுரங்கம் ஒன்றில் ஒளிந்திருக்கிறார்கள்."

கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண் பையை எடுத்துக்கொண்டு சுவரோரமாக நகர்ந்து வெளியே போனாள். வில்சன் அண்ணன் மட்டும் அசரவில்லை. "கவுர்மெண்டு எதத்தான் கட்டாயம்னு சொல்லாம இருந்திருக்கு" என்றபடி நேரே அண்ணாச்சியிடம் போய்த் தன் தாளை நீட்டினார்.

"பேர எழுதிக்கிடும் சார்."

புத்தகம் வேண்டுபவர் பெயர் கொடுக்கிறார் என்று நினைத்த அண்ணாச்சி மகிழ்ச்சியாக எழுதிக்கொண்டார். அவ்வளவுதான், வரிசை உருவாகிவிட்டது. நான் மேடையில் என் பத்துப் பக்கக் கட்டுரையின் மூன்றாம் பக்கத்தில் இருந்தேன். அண்ணாச்சி பதினொரு பெயர் எழுதியிருந்தார். பன்னிரண்டாவதாக ரெத்தினபாய் பெரியம்மை வந்து தாளை நீட்டாமல் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

அண்டித் தோட்டின் எண்ணெய் தோலை அரிக்கும். பெரியம்மை முப்பது வருடமாகத் தோடு உடைக்கிறாள். விரல்கள் கறுத்து, நுனிகள் வெடித்து, ரேகை இருந்த இடமே தெரியாது.

"டாக்டரே, மொகம் கெடக்கட்டும். இந்தக் கைய மட்டும் வெளுப்பிச்சுத் தருவீயளா? மோளுக்க கல்யாணம் வருது. சம்பந்தக்காரிக்க கையப் பிடிக்கணும்லா."

அண்ணாச்சி பேனாவைக் கீழே வைத்தார். அந்தக் கைகளைத் தன் கைகளில் வாங்கிப் பார்த்தார்.

"அம்மா, நான் டாக்டர் இல்ல. புஸ்தகம் போடுத ஆளு."

"சாரமில்ல. பெரிய டாக்டர் எப்பம் வருவாவ?"

மைக் என் கையில் இருந்தது. என்ன நடந்திருக்கிறது என்பது எனக்குள் மெதுவாக ஏறியது. தாள்கள் குறிப்புகள் அல்ல, ஆதார் நகல்கள். வாட்டம் துயரம் அல்ல, பசி. நாற்காலிப் பெரியவர் தமிழுக்காக வரவில்லை.

"மாமா, நோட்டீஸ எப்படி வாசிச்சீங்க?" என்று செயலரைக் கேட்டேன். என் குரல் ஹால் முழுக்க ஒலிபெருக்கியில் கேட்டது.

ஞானமுத்து மாமா சட்டைப் பையிலிருந்து நோட்டீஸை எடுத்து, மேலே இருந்ததை மறுபடியும் கணீரென்று வாசித்தார். "இதுல எனக்க தப்பு என்னலே?"

"கீழே இருக்கு மாமா."

"கீழ உள்ளத ஆலயத்துல யாருலே வாசிப்பா?"

அதன் பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். "ஏலே, கோழிக்கறிய மூடி வச்சிட்டு வந்திருக்கேன்." "சுகர் உள்ள மனுசன் நான், கிறுகிறுன்னு வருது." "இவனுக்க படிப்புல தீய வைக்க." ஒருவர் மட்டும் நிதானமாக அண்ணாச்சியிடம், "வந்தது வந்தாச்சு, பிரஷராவது பாப்பீயளா" என்று கேட்டார்.

நான் மேடையிலிருந்து இறங்கி அம்மையிடம் போனேன். அவளும் பட்டினி. அவள் மடியிலும் ஆதார் நகல்.

"நீயுமா அம்மை? நான் என்ன எழுதுறேன்னு உனக்குத் தெரியுமே."

"நீ எழுதினது கதையில்லா. இது கேம்புல்லா. ரெண்டும் ஒண்ணுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?" அவள் என்னைத் திட்டவில்லை. "எனக்க மோன் ஊருக்கு ஒரு கேம்பு கொண்டு வந்திருக்கான்னு நாலு பேரு சொன்னாவ. அதான் முன்னால வந்து இருந்தேன்."

அந்தச் சேலை எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. சுரங்கத்தில் ஒளிந்துகொள்ள எனக்கு ஓர் இடம் தேவைப்பட்டது.

அண்ணாச்சியைப் பஸ் நிறுத்தத்துக்குக் கூட்டிப்போனேன். பஸ் வருவது தெரிந்ததும் பையிலிருந்து என் கையெழுத்துப் பிரதியை எடுத்துக் கொடுத்தார்.

"தம்பி, ஒம்ம மேல கோவம் ஒண்ணும் இல்ல. ஆனா பாரும், புஸ்தகம் அந்தப் பொண்ணுக்க கட்சி. ஒம்ம ஊரு மொத்தமும் அந்த அரசாங்கத்துக்க கட்சி. வரிசையில நின்னுல்லா பேரு குடுக்குதாவ. நான் யாருக்கு விக்க?"

நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து அதையும் தந்தார். பதினொரு பெயர்கள். "நாலாவதா இருக்குத ஆளுக்கு சுகரு. அவர மொதல்ல சாப்பிடச் சொல்லும்" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

ஹாலைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு, கொல்லத்துக்கு அப்பாவிடமே போய்ச் சிமெண்ட் சுமக்கலாம் என்ற முடிவோடு திரும்பி வந்தேன். ஹாலில் கோழிக்கறி மணந்தது.

அவரவர் வீட்டில் மூடி வைத்ததெல்லாம் ஹாலுக்கே வந்திருந்தது. கிழங்கு, சோறு, மீன்கறி. ஆண்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பெண்கள் மட்டும் வட்டமாக அமர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தனித்தனியாகத் திட்டுவதைவிடக் கூடி இருந்து திட்டுவது சுகம் என்று நினைத்திருப்பார்கள். என்னைப் பார்த்ததும் அம்மை ஒரு தட்டில் சோறு வைத்தாள். தலைகுனிந்து தின்றேன்.

"ஏலே, அந்தப் பொண்ணு எதுக்கு ஓடினா?" வில்சன் அண்ணனின் மனைவி கேட்டாள்.

"எந்தப் பொண்ணு மைனி?"

"சொரங்கத்துல ஒளிஞ்சவ. எலவசமாத் தாறாவ, மயக்க மருந்தும் தாறாவ. அதுக்கு மேல என்ன வேணுமாம்?"

கை கழுவிவிட்டு வந்து வாசிக்கத் தொடங்கினேன். மைக் இல்லை, கட்டுரை இல்லை. வெறும் கதை. அவள் கொழுப்பெடுத்து ஓடினாள் என்று பாதிப் பேர். பெற்றவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஓடியிருக்கலாம் என்று மீதிப் பேர். எலும்பை உரசி முகத்தைச் சரிசெய்யும் இடத்தில் யாரும் சாப்பிடவில்லை. எல்லாரையும் ஒரே தரத்துக்குக் கொண்டு வந்துவிட்டதாக அந்த நகரத்துத் தலைவர் பெருமை பேசும் இடம் வந்ததும் அம்மை கையை நீட்டி நிறுத்தினாள்.

"ஏட்டி, இது நம்ம செக்ஷனுல்லா. வெள்ளையா முழுசா இருந்தா ஏத்துமதி. ஒடஞ்ச நுறுக்கும் கரிஞ்சதும் வேற டின்னு. நாள் முழுக்க நான் செய்யுதது இதத்தான்."

"அப்பம் ஓடிப்போனவளுவ எல்லாம் நுறுக்கா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"நுறுக்குதான்" என்றாள் அம்மை.

"நுறுக்குக்கு ருசி கூடுதல்" என்றாள் மைனி.

"ருசி கெடக்கட்டும்" என்றாள் ரெத்தினபாய் பெரியம்மை. "எனக்குக் கை வெளுக்கணும்."

என் கட்டுரையின் பத்துப் பக்கத்திலும் அதற்குப் பதில் இல்லை. வெளிநாட்டு வாசகர்கள் ஆயிரம் பேர் போட்ட சண்டையிலும் இல்லை. (மறுவாரம் பெரியம்மையை நாகர்கோவிலில் ஒரு தோல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். களிம்பு கொடுத்தார். கறை போகவில்லை, எரிச்சல் போயிற்று. ஊருக்கு நான் செய்த ஒரே மருத்துவச் சேவை இதுதான்.)

வாசித்து நிறுத்தியபோது தலைகளை எண்ணினேன். முப்பத்து நான்கு. பஸ் அந்நேரம் கோட்டாறு போய்ச் சேர்ந்திருக்கும்.

மறுநாள் அண்ணாச்சிக்குப் போன் செய்து சொன்னேன். முப்பத்து நான்கு பேர், கதையைக் கேட்டுச் சண்டை போட்டார்கள், இன்றைக்கும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

"சாப்பாட்டுக்கு முன்னயா, பொறவா?"

"பிறகு அண்ணாச்சி."

"அப்பம் அது வாசகர்தான்" என்றார். நாவலை வெளியிட்ட வெளிநாட்டு நிறுவனத்துக்கு அனுமதி கேட்டு எழுதச் சொன்னார். எழுதினேன். மூன்று முறை எழுதினேன். இன்று வரை பதில் இல்லை. அதனால் புத்தகம் வரவில்லை. அம்மை தாள்களை நாலைந்தாக அண்டி ஆபீஸுக்குக் கொண்டுபோனாள். சாப்பாட்டு நேரத்தில் யாராவது வாசிக்க, மற்றவர்கள் கேட்டார்கள். அடுத்த இரண்டு பாகங்களையும் மொழிபெயர்க்க வைத்தது அவர்களுடைய நச்சரிப்புதான். மூன்றாம் பாகத்தின் முடிவு அவர்களுக்குப் பிடிக்கவில்லை. அதை மாற்றச் சொல்லி என்னிடம் இரண்டு தூது வந்தது. எனக்கு அந்த உரிமை இல்லை என்று சொன்னேன். அவர்களாகவே மாற்றிக்கொண்டார்கள். எங்கள் ஊர்க் கதையில் அந்தப் பெண் திரும்பி வந்து, அம்மையிடம் திட்டு வாங்கி, வேலைக்குப் போகிறாள்.

அதைப் போலவே அந்த ஞாயிற்றுக்கிழமையையும் மாற்றிவிட்டார்கள். இப்போது நான் ஒரு தனியார் கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறேன். வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும் காபி ஆறுவதற்குள் அம்மை தொடங்கிவிடுவாள். நூற்று நாற்பது பேர் ஐந்நூறு ஆகிவிட்டார்கள். அண்ணாச்சி வேலூரிலிருந்து காரில் வந்த பெரிய டாக்டர் ஆகிவிட்டார். நாற்காலிப் பெரியவர் நடந்து திரும்பினார் என்றுகூட ஒரு பேச்சு இருக்கிறது. போன மாதம் என் மனைவி வீட்டார் வந்திருந்தபோது, டாக்டர் ஒருவருக்கு ஊசியே போட்டுவிட்டார் என்றும் சேர்ந்துவிட்டது. ஊசி போட்டுக்கொண்டவர் அப்பாவாம். அன்று அவர் கொல்லத்தில் மூன்றாம் மாடியில் சாரத்தின் மேல் நின்றிருந்தார். எந்தக் கையில் போட்டார் என்று மாமனார் கேட்டார். அப்பா சட்டைக் கையை மடக்கி, இடது தோளைக் காட்டினார்.